எங்கள் தொகுதியின் சில மாத எம்பி

நான் படிக்கிற காலத்தில் எங்கள் ஊரில் "மிதவாதி" என்பது ஒரு வசைச்சொல். ஒருநாள் தமிழ் வாத்தியார் "மிதம்" என்றால் அளவோடு இருப்பது என்று வகுப்பில் விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார். பின்வாங்கில் இருந்த ஒருவன் எழும்பி, "இல்லை சேர், மிதக்கிறவன்தான் மிதவாதி. தாழவும் மாட்டான், கரைக்கும் வரமாட்டான்" என்றான். வகுப்பே சிரித்தது. வாத்தியாரும் சிரித்தார். நான் வீட்டுக்கு வந்து அம்மாவிடமும் சொல்லிச் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை, அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

அது 1983. எனக்குப் பதினைந்து வயது. அந்த ஆண்டின் முற்பகுதியில்தான் எங்கள் வட்டுக்கோட்டைத் தொகுதிக்குப் புது எம்பி வந்திருந்தார். வந்தார் என்றால் தேர்தலில் வென்று வரவில்லை. எம்பியாக இருந்த திருநாவுக்கரசு இறந்துபோனார். இடம் வெறுமையானால் இடைத்தேர்தல் வைக்காமல் கட்சியே ஒருவரை நியமிக்கலாம் என்று 1978 அரசியல் யாப்பில் ஓர் ஏற்பாடு இருந்தது. அதன்படி தமிழர் விடுதலைக் கூட்டணி கொடுத்த பெயர் நீலன் திருச்செல்வம்.

சந்தித் தேத்தண்ணிக் கடையில் கேட்ட கேள்வி இன்னும் காதில் நிற்கிறது: "ஆர் உந்த நீலன்? கொழும்பு ஆளே?" கொழும்பு ஆள்தான். றோயல் கல்லூரி, சட்டப் படிப்பு, பிறகு ஹார்வார்டில் முதுமாணியும் கலாநிதிப் பட்டமும். இவ்வளவையும் கேட்ட கடைக்காரர் "அப்ப இஞ்சால் பக்கம் வரமாட்டார்" என்று முடித்துவிட்டார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தனிநாடு என்ற தீர்மானம் 1976 மே 14-இல் நிறைவேறியது எங்கள் தொகுதிக்குள்தான், பண்ணாகத்தில். தொகுதியின் பெயரே அந்தத் தீர்மானத்தின் பெயராகிவிட்டது. அந்தத் தொகுதிக்குத்தான், ஒரே நாட்டுக்குள் அதிகாரத்தை எப்படிப் பங்கிடலாம் என்று வாழ்நாள் முழுக்க எழுதிக்கொண்டிருந்த மனிதரை எம்பியாக்கினார்கள்.

இந்த வாரம் ஜூலை 29, அவருடைய நினைவு நாள், வருகிறது. ஒவ்வொரு வருடமும் எழுதவேண்டும் என்று நினைத்துத் தள்ளிப்போட்டது இது. அவரோடு நான் பழகியதில்லை. எனக்கும் அவருக்கும் இருந்த உறவு, பின்னால் சொல்கிறேன், வெறும் காகித உறவு.

நீலனின் தகப்பனிடமிருந்து தொடங்கவேண்டும். முருகேசன் திருச்செல்வம், இராணி அப்புக்காத்து, அதாவது மூத்த வழக்கறிஞர் பட்டம் பெற்றவர். சட்டமா அதிபர் திணைக்களத்தில் உயர்பதவியில் இருந்தவர். 1965 மார்ச் 24-இல், அடுத்துப் பிரதமரான டட்லி சேனநாயக்காவும் தமிழரசுக் கட்சியின் தந்தை செல்வாவும் (செல்வநாயகம்) ஒப்பந்தம் செய்தார்கள். மாவட்ட சபைகள் தருவதாகப் பேச்சு. தமிழரசுக் கட்சி தன் எம்பிக்கள் யாரையும் மந்திரியாக்க விரும்பவில்லை. ஆனால் ஒப்பந்தத்தை நிறைவேற்ற உள்ளே ஒரு ஆள் வேண்டும். அதனால் திருச்செல்வத்தைச் செனற் சபை என்ற மேற்சபை வழியாகக் கொண்டுபோய் உள்ளூராட்சி அமைச்சராக இருத்தினார்கள். மாவட்ட சபைச் சட்டமூலத்தை வரைவதுதான் அவர் தலையில் விழுந்த வேலை. 1968-இல் வெள்ளை அறிக்கை வந்தது, எதிர்ப்பு வந்தது, டட்லி கைவிட்டார்.

அதற்காக அவர் பதவி விலகவில்லை என்பதைக் கவனியுங்கள். விலகியது வேறொன்றுக்காக. திருகோணமலைக் கோணேஸ்வரர் கோயில் சூழலைப் புனித பிரதேசமாக அறிவிப்பது பற்றி ஆராய ஒரு குழுவை நியமித்தார். ஒரு பௌத்த பிக்கு பிரதமருக்கு ஆட்சேபித்து எழுதினார். பிரதமர், தன் அமைச்சரிடம் ஒரு வார்த்தை கேளாமலே குழுவைக் கலைத்தார். 1968 செப்ரெம்பரில் திருச்செல்வம் பதவியை விட்டார். பெரிய விடயத்தைப் பொறுத்தவர் சின்ன விடயத்தில் எழும்பிப் போனார் என்று அப்போது சிலர் எழுதினார்களாம். எனக்கு அப்படித் தெரியவில்லை. சட்டமூலம் தோற்பது அரசியல். கேளாமல் கலைப்பது, நீ இங்கே இருப்பதாகவே நாங்கள் நினைக்கவில்லை என்று சொல்வது. மானமுள்ள எந்தச் சட்டத்தரணியும் அதற்குப் பிறகு அந்தக் கதிரையில் இருக்கமாட்டார்.

1976-இல் அமிர்தலிங்கம் முதலானோர் மீது ட்ரயல் அட் பார் வழக்கு (ஜூரி இல்லாமல் மூன்று நீதிபதிகள் விசாரிப்பது) நடந்தபோது செல்வநாயகம், ஜி.ஜி. பொன்னம்பலம் இவர்களோடு திருச்செல்வமும் வாதாட நின்றார். அதே ஆண்டில் காலமானார். மகனுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது.

அரசியல் குடும்பம் என்றால் மற்ற இடங்களில் பிள்ளைக்குக் கிடைப்பது தொகுதி, ஆதரவாளர், சுவரொட்டியில் தகப்பனின் படம். இந்த வீட்டில் கிடைத்தது முடியாத ஒரு வரைபு. 1979-இல் ஜே.ஆர். ஜெயவர்த்தனா அரசு மாவட்ட அபிவிருத்தி சபைகள் பற்றி ஆராய, முன்னாள் பிரதம நீதியரசர் விக்டர் தென்னக்கோன் தலைமையில் ஆணைக்குழு ஒன்றை அமைத்தது. அதில் நீலன் ஓர் உறுப்பினர். தகப்பன் விட்ட இடத்தில் மகன் பேனாவை எடுக்கிறார். ஆணைக்குழுவின் பெரும்பான்மை முடிவு போதாது என்று தன் மாற்றுக் கருத்தைத் தனியாக எழுதிக் கொடுத்தார். 1980-இல் சட்டம் வந்தது. 1981 ஜூனில் சபைத் தேர்தல். அந்தத் தேர்தலுக்கு வந்து குவிந்த பொலிசாரும் காடையரும் செய்ததுதான் யாழ் நூலக எரிப்பு. அந்தச் சாம்பல் மணத்தோடுதான் எங்கள் பக்கம் "மாவட்ட சபை" என்ற சொல் வந்து சேர்ந்தது. யார் அதை விரும்புவார்கள்?

அப்புறம் 1983 ஜூலை இனக்கலவரம். ஓகஸ்ட் 8-இல் ஆறாவது திருத்தம். தனிநாட்டை ஆதரிக்கமாட்டேன் என்று சத்தியம் செய்யாதவர் எம்பியாக இருக்கமுடியாது. கூட்டணி எம்பிக்கள் எல்லோரும் அதற்கு முன்னரே பாராளுமன்றத்துக்குப் போகாமல் விட்டிருந்தார்கள். மூன்று மாதம் வராதவர்களின் ஆசனம் தானாகவே போகும். ஒக்டோபர் 22-இல் நீலனுடையதும் போனது. எங்கள் தொகுதிக்கு அவர் எம்பியாக இருந்தது அந்தச் சில மாதம்தான். ஊருக்கு வந்தாரா என்றால், நான் பார்க்கவில்லை.

இங்கே நான் ஒன்றை ஒத்துக்கொள்ளவேண்டும். தகப்பன் செனற் வழியாகப் போனார். மகன் ஒருமுறை நியமனம், இன்னொருமுறை 1994-இல் தேசியப்பட்டியல். இரண்டு தலைமுறையிலும் உள்ளே போன வழி வாக்குப்பெட்டி அல்ல. இதைச் சுட்டிக்காட்டி "சனத்துக்கு முகம் தெரியாத ஆட்கள் சனத்துக்காகப் பேசுவதா" என்று கேட்டவர்களை நான் முட்டாள்கள் என்று சொல்லமாட்டேன். அது நியாயமான கேள்வி. வசதிக்காரர் வாழும் கொழும்பு ஏழில் இருந்துகொண்டு எழுதுகிறவருக்கு எங்கள் அராலியில் கிணறு வற்றியது தெரியுமா என்பதும் நியாயமான கேள்விதான். மிதவாதிகளின் நிரந்தரக் குறை இது. மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள், முற்றத்துக்குத் தூரமாக இருக்கிறார்கள்.

ஆனால் பதவி போன பிறகு அவர் என்ன செய்தார் என்று பாருங்கள். 1982-இலேயே இனத்துவக் கற்கைகளுக்கான சர்வதேச நிலையத்தை உருவாக்குவதில் முன்னின்றார், சட்டமும் சமூகமும் நம்பிக்கை நிதியத்தையும் தொடக்கினார். வேறு நாடுகளில் சிறுபான்மை இனங்களோடு அதிகாரத்தை எப்படிப் பங்கிட்டார்கள் என்பதைப் படிக்கிற வேலை அங்கே நடந்தது. கட்சிக்காரர் பலர் சென்னைக்குப் போன காலம், இயக்கங்கள் ஒன்றையொன்று சுட்ட காலம். அப்போது ஒருவர் உட்கார்ந்து உபகுழு அறிக்கை எழுதுவது எங்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது.

அந்தக் காலத்தில் கூட்டணிக்காரர் ஒவ்வொருவராகக் கொல்லப்பட்டு விழுந்தார்கள். 1985 செப்ரெம்பரில் ஆலாலசுந்தரமும் தர்மலிங்கமும். 1989 ஜூலை 13-இல் அமிர்தலிங்கமும் யோகேஸ்வரனும், கொழும்பில், வந்த விருந்தாளிகளுக்குத் தேநீர் கொடுத்த வீட்டுக்குள்ளேயே. 1997-இல் தங்கத்துரை, திருகோணமலையில் பள்ளிக்கூட நிகழ்ச்சி ஒன்றில். 1998-இல் யாழ் மேயர் சரோஜினி யோகேஸ்வரன். அவருக்குப் பிறகு மேயரான பொன். சிவபாலன், அதே ஆண்டிலேயே. இந்தக் கணக்கு நீலனுக்குத் தெரியாததல்ல.

சரி, காகித உறவுக்கு வருகிறேன்.

நான் 1993-இல் கொழும்புக்கு வந்தேன். வெள்ளவத்தையில் ஓர் அறையில் ஐந்து பேர். பொலிஸ் பதிவுத் துண்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைகிற காலம். எனக்கு ஆங்கிலமும் கொஞ்சம் சிங்களமும் கைவந்ததால் பக்கக் கணக்கில் மொழிபெயர்ப்பு செய்து பிழைத்தேன். சட்ட வாசகம்தான் அதிகம். பிறகு அதுவே தொழிலாகி, போன ஆண்டு ஓய்வு பெறும்வரை வேறெதுவும் செய்யவில்லை.

1995 ஓகஸ்ட் 3-இல் சந்திரிகா அரசு அதிகாரப் பகிர்வுக்கான தீர்வுப்பொதியை வெளியிட்டது. அமைச்சர் ஜி.எல். பீரிசும் நீலனும் சேர்ந்து வரைந்தது என்று எல்லோருக்கும் தெரியும். ஒற்றையாட்சி என்று சொல்லும் யாப்பின் இரண்டாம் உறுப்புரை போகும், நாடு "பிராந்தியங்களின் ஒன்றியம்" ஆகும் என்றது பொதி. பாராளுமன்றம் தன் சட்டமாக்கும் அதிகாரத்தை வேறெவருக்கும் கொடுக்கமுடியாது என்கிற எழுபத்தாறாம் உறுப்புரையும் போகும்.

இது ஏன் பெரிய விடயம் என்பதைத் தொழில் தெரிந்தவனாகச் சொல்கிறேன். மாகாண சபைகளை உருவாக்கிய 1987-இன் பதின்மூன்றாம் திருத்தத்தில் மூன்று நிரல்கள், அதாவது அதிகாரப் பட்டியல்கள், இருக்கின்றன. மாகாணத்துக்கு ஒன்று, மத்திக்கு ஒன்று, இருவருக்கும் பொதுவாக ஒன்று. மத்திக்கு ஒதுக்கிய நிரலின் தொடக்கத்திலேயே ஒரு வரி: எல்லா விடயங்கள் பற்றிய தேசியக் கொள்கை. மொழிபெயர்க்கும்போது அந்த வரியில் நான் அப்படியே நின்றுவிட்டேன். மாகாணத்துக்குப் பக்கம் பக்கமாகக் கொடுத்துவிட்டு, ஒரு வரியில் எல்லாவற்றுக்கும் மத்தி ஒரு மாற்றுச் சாவி வெட்டி மடியில் கட்டி வைத்திருக்கிறது. பொதுவான நிரல் இன்னொரு சாவி. இருவரும் சட்டம் செய்யலாம் என்றால் பெரியவர்தான் செய்வார். நீலனும் பீரிசும் வரைந்த பொதியில் அந்தப் பொது நிரலே இல்லை. காணி பிராந்தியத்துக்கு.

சட்டம் படிக்காதவருக்கு இது சின்னக் கொசுறு. எனக்கோ, இதை எழுதிய ஆளுக்கு எங்கே வலிக்கிறது என்று சரியாகத் தெரிந்திருக்கிறது என்று பட்டது.

அப்படிப் பட்டது ஓகஸ்டில். ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தைப் பிடிக்கப் படை நகர்ந்தது. ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. மழை. அம்மாவும் அந்தச் சனத்துக்குள் நாவற்குழிப் பாலத்தை இரவோடு இரவாக, அங்குலம் அங்குலமாகக் கடந்தாள். அவளோடு தொடர்பு கிடைக்க எனக்கு ஐந்து வாரம். அந்த ஐந்து வாரமும் மேசையில் இருந்த "பிராந்தியங்களின் ஒன்றியம்" என்ற வரியைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது. குண்டுக்கு வெள்ளையடிக்க ஒரு தமிழ்ப் பெயர் தேவைப்பட்டது, இவர் கொடுத்துவிட்டார் என்று அறையில் கத்தினேன். மற்ற நால்வரும் மறுக்கவில்லை.

அந்தக் கோபம் முழுக்கப் பிழையென்று இன்றும் நினைக்கவில்லை. ஒரு கையில் பொதி, மறுகையில் பீரங்கி என்று ஓர் அரசு நடக்கும்போது பொதியைத் தொட்டவர் கையிலும் புகை படியத்தான் செய்யும்.

1997 ஒக்டோபரில் முழு வரைபு வந்தது. ஒரு கருத்தரங்குக்காக அதில் சில அத்தியாயங்கள் தமிழாக்க என்னிடம் வந்தன. ஒன்றியத்துக்கு முன்னால் இப்போது ஓர் அடைமொழி சேர்ந்திருந்தது, பிரிக்கமுடியாத ஒன்றியம் என்று. யாரைச் சமாதானப்படுத்த அந்த அடைமொழி வந்தது என்பது வெளிப்படை. ஆனால் தமிழில் என்ன போடுவது? "பிரிக்கவொண்ணாத" என்றால் பிரிக்க விடமாட்டோம் என்ற அதட்டல். "கலைக்கமுடியாத" என்றால், மத்தியும் இதைக் கலைக்கமுடியாது என்ற பொருளும் வருகிறது. இரண்டாவதுதான் எங்களுக்கு நல்லது. ஒரு பகல் முழுக்க அந்த ஒரு சொல்லோடு இருந்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது, இந்த ஆள் இதைத்தானே இத்தனை வருடமாகச் செய்கிறார் என்று. சமஷ்டி என்று சொன்னால் அங்கே தீப்பிடிக்கும், ஒற்றையாட்சி என்று சொன்னால் இங்கே. இரண்டும் இல்லாத, ஆனால் உள்ளே முதலாவது இருக்கிற ஒரு சொல்லைத் தேடுவது. பின்வாங்குக்காரன் சொன்ன மிதப்பு அல்ல இது. மிதக்கிறவனுக்குக் கை வலிக்காது.

(இருபது வருடம் கழித்து, புதிய யாப்புக்கான 2017 இடைக்கால அறிக்கையில் சிங்களத்தில் ஒற்றையாட்சி என்று படிக்கப்படுகிற "ஏக்கிய ராஜ்ய", தமிழில் "ஒருமித்த நாடு" என்று போட்டு எல்லோரும் சண்டை பிடித்தபோது நான் மட்டும் தனியாகச் சிரித்தேன். சண்டை பிடிக்கிற பிள்ளைகளில் பாதிப்பேர் 1997-இல் பிறக்கவே இல்லை.)

1999 ஜூனில் அவசரகாலச் சட்ட விவாதத்தில் அவர் பேசியதைப் பத்திரிகையில் படித்தேன். போர்க்களத்திலோ வேறெங்கோ சாவைப் போற்றக்கூடாது, உயிரைத்தான் கொண்டாடவேண்டும் என்ற பொருளில் பேசியிருந்தார். அரசையும் சுடுகிற பேச்சு, மறுபக்கத்தையும் சுடுகிற பேச்சு. அதுதான் சபையில் அவருடைய கடைசிப் பேச்சாகப் போகிறது என்று யாருக்குத் தெரியும். சில வாரங்களில் ஹார்வார்டுக்குப் படிப்பிக்கப் போகவேண்டியவர்.

ஜூலை 29, வியாழக்கிழமை. இலங்கை இந்திய ஒப்பந்தம் கையெழுத்தாகிச் சரியாகப் பன்னிரண்டு வருடம். நான் பொரளைப் பக்கம் ஓர் அச்சகத்துக்குப் படி திருத்தக் கொடுக்கப் போயிருந்தேன். ஒன்பது மணி தாண்டிக் கொஞ்ச நேரத்தில் ஒரு சத்தம். கொழும்பில் இருந்தவர்களுக்கு அந்தச் சத்தம் பழக்கம். பட்டாசா, டயரா, அதுவா என்று பிரித்தறியக் காதுக்கு அரை விநாடி போதும். அச்சக முதலாளி, சிங்களவர், என்னைப் பார்த்து "ஐடென்டி இருக்கா?" என்றுதான் முதலில் கேட்டார். பிறகு வானொலியைப் போட்டார்.

ரோஸ்மீட் பிளேசும் கின்சி டெரசும் சந்திக்கிற இடத்தில் நீலனின் காரின் மேல் ஒருவன் பாய்ந்து வெடித்திருந்தான். வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு எத்தனை நிமிடம்? நடந்தே போகலாம். வயது ஐம்பத்தைந்து.

புலிகள் உரிமை கோரவில்லை. எங்கள் அறையில் இருந்த ஐந்து பேருக்கும் யார் என்பதில் சந்தேகம் இருக்கவில்லை. ஆனால் அன்றிரவு ஒருவரும் அதைச் சொல்லவில்லை. ஒருவன் "சோறு வைக்கட்டா" என்று கேட்டான். நான்கு வருடத்துக்கு முன்னால் நான் கத்தியதை யாரும் நினைவுபடுத்தவில்லை. எனக்கு நினைவிருந்தது.

மறு ஆண்டு, 2000 ஓகஸ்ட் 3, பொதி வெளியாகிச் சரியாக ஐந்து வருடம். அதன் கடைசி வடிவத்தைச் சந்திரிகா பாராளுமன்றத்தில் வைத்தார். அதற்குள் "ஒன்றியம்" என்ற சொல்லே காணாமல் போயிருந்தது. மத்தியினதும் பிராந்தியங்களினதும் நிறுவனங்களைக் கொண்ட அரசு என்று தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். அதையும் எதிர்க்கட்சி எம்பிக்கள் சபைக்குள்ளேயே கொளுத்தினார்கள். மூன்றில் இரண்டு சேராது என்று தெரிந்ததும் அரசு வாக்கெடுப்பைத் தள்ளிப்போட்டது, அத்தோடு போனது. தகப்பனின் மாவட்ட சபை, மகனின் மாவட்ட அபிவிருத்தி சபை, மகனின் பொதி. என் அலுமாரியில் மூன்றும் ஒரே தட்டில் இருக்கின்றன. முதலாவது நிழற்பிரதி, மற்ற இரண்டும் அசல்.

அம்மா 1996-இல் தென்மராட்சியிலிருந்து வீட்டுக்குத் திரும்பிவிட்டிருந்தாள். நீலன் இறந்து ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து அவளுடைய கடிதம் வந்தது. கிணறு, மாமரத்தில் குருவிச்சை பிடித்தது, சித்தப்பாவின் கால் நோவு என்று வழக்கம்போல இரண்டு பக்கம். ஓரத்தில், இடம் போதாமல் நெருக்கி எழுதியிருந்தாள்: "தம்பி, பேப்பரில் பார்த்தேன். எங்கட தொகுதிக்கு எம்பியாய் இருந்த பிள்ளையெல்லோ. ஒருக்காலும் கண்டதில்லை. நீ கவனமாய் இரு, மழைக்குள்ளை திரியாதை."